மேனியழகும் அன்பும் தன்மதிப்பும்

அழகை விரும்புதல் மக்களுக்கு இயற்கை. மலரையும் மலையையும் கண்டு மகிழும் கண், மக்கள் முகத்தைக் கண்டு மகிழாதிருத்தல் இயலாது. ஆதலின் அழகை இகழ்ந்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அழகு வேறு, அழகுக்கென்று ஒரு காலத்தார் வகுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. முன்னது இயற்கையின் கொடை. பின்னது மனிதர் ஆக்கிய கட்டளை. அவ்வளவுகோலைக் கொண்டு பிறரை அளக்கும்போது அன்பு எவ்வாறு குறைகின்றது என்பதையும், அதனைக் கொண்டே நம்மை நாம் அளக்கும்போது தன்மதிப்பு எவ்வாறு தேய்கின்றது என்பதையும் மாணவ மாணவியரின் சிந்தனைக்காக ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் நாட்டில் அழகளவு என்றால் பெரும்பாலும் நிறத்தையே குறிக்கும். முன்னாளில் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்திருந்ததும், 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியதுமாகிய புளியங்குடியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மதுரையிலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில் அமைந்த அவ்வூர், எலுமிச்சைத் தோப்புகளாலும் எலுமிச்சைச் சந்தையாலும் பெயர் பெற்றது. வயலிலும் தோப்பிலும் வெயிலிலே நின்று உழைக்கும் குடிகள் நிறைந்த வட்டாரம் அது. கருமையும் மாநிறமுமே அம்மக்களின் இயல்பான வண்ணம். ஆயினும் அங்கும், தென்னாட்டின் ஏனைய ஊர்களிற்போலவே, பெண் கேட்டு வருவோர் வினவும் முதல் வினாக்களுள் ஒன்று, “பெண் நிறம் எப்படி?” என்பதாகும். “சிவப்பு” என்றால் தாயின் குரல் ஓங்கும். “மாநிறம்” என்றால் சற்றே தாழும். “கறுப்பு” என்று சொல்ல நேர்ந்தால், “ஆனாலும் களையான முகம்” என்று உடனே ஒரு சமாதானம் பின்தொடரும். அந்த “ஆனாலும்” என்ற சொல்லை உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் உள்ளத்தில் அது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

இவ்வளவுகோல் தொன்றுதொட்டு வந்ததோ என்று கேட்போமாயின், நம் பழைய இலக்கியம் அன்று என்றே விடை பகர்கின்றது. சங்கப் புலவர்கள் தலைவியை மாயோள் என்று பாராட்டி அழைத்தனர். மாயோள் என்பதற்குக் கரியவள் என்பது பொருள். அவள் மேனியின் வண்ணத்தை மாமை என்றனர். மாந்தளிரின் மினுமினுப்பை அதற்கு உவமை கூறினர். தலைவன் பிரிந்த காலத்தில் அவள் மேனியில் படரும் வெளிறிய நிறத்திற்குப் பசலை என்று பெயர். மாமை அழகு, பசலை அவ்வழகை உண்ணும் நோய். வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் குறுந்தொகையில், தன் மாமைக் கவின் தனக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாவதை, கன்றும் உண்ணாது கலத்திலும் சேராது மண்ணிற் சிந்திப்போன பசும்பாலுக்கு ஒப்பிடுகின்றார். திருவள்ளுவரும் பசப்பின் துன்பத்தைக் கூற ஓர் அதிகாரமே வகுத்தார். வெளுப்பை நோயென்றும் கருமையை அழகென்றும் கருதிய முன்னோரின் வழிவந்த நாம், இன்று கருமையை நோயென்று எண்ணி மருந்து தேடுகின்றோம்!

இன்னுமொன்று காண்க. முல்லை நிலத்தின் தெய்வத்தைத் தொல்காப்பியர் மாயோன் என்றே குறித்தார். சங்கரன்கோவிலில் செம்மேனிச் சிவனும் கருமேனித் திருமாலும் ஒரே திருவுருவிற் பாதி பாதியாய் நிற்கும் சங்கரநாராயணரைக் காண ஆண்டுதோறும் ஆடித்தபசு விழாவில் மக்கள் திரள்கின்றனர். இரு வண்ணமும் ஏற்றத்தாழ்வின்றி ஓருருவில் நிற்பதைத் தொழுது மீளும் குடும்பமே, மறுநாள் மணப்பேச்சில் ஒரு வண்ணத்தை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசுவது வியப்பன்றோ? விவிலியத்திலுள்ள சாலொமோனின் உன்னதப்பாட்டிலும், திராட்சைத் தோட்டங்களைக் காக்க வெயிலில் நின்றமையால் கறுத்துப்போன பெண்ணொருத்தி தன் கருமையையும் அழகையும் ஒருங்கே எடுத்துரைக்கின்றாள். உழைப்பினாற் கறுத்த மேனி காதலுக்குத் தடையன்று என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

அழகளவுகள் காலத்துக்குக் காலமும் தேசத்துக்குத் தேசமும் மாறுவன. சீன தேசத்தில் பல நூற்றாண்டுகள், சிறுமியரின் பாதங்களை இறுகக் கட்டி எலும்பை வளைத்துச் சிறுக்கச் செய்தலே அழகென்று கருதப்பட்டது. சிறிய பாதம் இல்லாத பெண்ணுக்கு நல்ல வரன் கிட்டுவது அரிதாயிருந்தது. 1912ஆம் ஆண்டில் புதிய குடியரசு அவ்வழக்கத்தைத் தடை செய்தது. அக்காலத்துத் தாய்மார் கொடியவரல்லர். தம் மகளுக்கு வாழ்வு கிடைக்க வேண்டுமே என்ற அன்பினாலேயே அவள் காலை ஒடித்தனர். ஓர் அளவுகோல் சமூகத்தில் வேரூன்றிவிட்டால் அன்பையும் தனக்கு ஏவலாளாக்கிக் கொள்ளும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. குழந்தை கறுப்பாய்ப் பிறந்ததென்று பெருமூச்சுவிட்டுக் கடலை மாவும் மஞ்சளும் தேய்க்கும் நம் பாட்டிமாரும் அன்பில்லாதவரல்லர். அவர் கை தேய்ப்பது தோலை. ஆனால் குழந்தையின் மனத்தில் வடுப் படுகின்றது.

அவ்வடு எத்துணை இளமையிலே படுகின்றது என்பதை அமெரிக்க தேசத்தில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். கணவனும் மனைவியுமாகிய அவர்கள், நிறம் ஒழிய வேறு வேறுபாடில்லாத பொம்மைகளை 253 கறுப்பினக் குழந்தைகளுக்கு முன் வைத்தனர். குழந்தைகளின் வயது 3 முதல் 7 வரை. எந்தப் பொம்மை நல்லது, எது கெட்டது என்று கேட்டபோது பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றனர். பின்னர், உன்னைப் போன்றது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் கலங்கி அழுதனர். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சி, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென 1954ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. தன்னைப் போன்றதைத் தானே கெட்டதென்று சுட்டிய பின், அதுவே தானென்று ஒப்புக்கொள்ள நேரும் குழந்தையின் துன்பமே இப்பொருளின் உயிர்நிலை.

இத்துன்பம் கல்வியாலும் பதவியாலும் தானே நீங்கிவிடுவதன்று. கேரள மாநிலத்தின் தலைமைச் செயலாளராயிருந்த சாரதா முரளீதரன் 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தம் நிறத்தைக் குறித்து வெளிப்படையாக எழுதினார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்தவர் அவர் கணவரே. கணவரின் பணிக்காலம் வெண்மை, இவருடையது கருமை என்று ஒருவர் கூறிய சொல்லே அவரை எழுதத் தூண்டிற்று. நான்கு வயதில், தன்னை மீண்டும் கருப்பைக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று தாயைக் கேட்டதாகவும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நல்ல நிறமில்லாதவள் என்னும் எண்ணத்தின் கீழே வாழ்ந்ததாகவும், தம் பிள்ளைகளே கருமையின் அழகைத் தமக்குக் காட்டியதாகவும் அவர் குறித்தார். ஒரு மாநிலத்தின் ஆட்சியையே நடத்தத் தக்க அறிவுடையாரையும் நான்கு வயதில் தைத்த முள் ஐம்பது ஆண்டு உறுத்துமாயின், எளிய குடும்பத்துப் பெண் என்ன பாடுபடுவாள்?

இனி, அழகளவு அன்பைக் கெடுக்கும் முறையை மூவகையாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, அளவிற் குறைந்தவரெனப்படுவோர்க்கு வரும் கேடு. தான் அன்புக்கு உரியவளல்லள் என்று நம்பும் பெண், கிடைத்த அன்பையும் நம்புவதில்லை. கொடுமை செய்யும் கணவனையும், “என்னை ஏற்றுக்கொண்டாரே” என்று நன்றியோடு பொறுத்துக்கொள்கின்றாள். நிறத்தின் குறையை நகையாலும் பணத்தாலும் ஈடுசெய்யக் கேட்கும் வழக்கம் நாம் அறியாததன்று. வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், கறுப்புக்கு இத்தனை சவரன் கூடுதல் என்னும் கணக்கு வீட்டுக் கூடங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆடவரும் இவ்வளவுகோலுக்குத் தப்பினாரல்லர். குள்ளமென்றும், ஒல்லியென்றும், வழுக்கையென்றும் நகைக்கப்படும் இளைஞன் நகைப்பை வெளியே தானும் சேர்ந்து நகைத்துத் தாங்குகின்றான். உள்ளே தன்னை ஒளித்துக்கொள்கின்றான்.

இரண்டாவது, அளவிற் பொருந்தியவர்க்கு வரும் கேடு. இதனைப் பலர் நினைப்பதில்லை. மேனிக்காகவே விரும்பப்படுபவர், மேனி மாறும்போது அன்பும் மாறுமென்ற அச்சத்திலேயே வாழ்கின்றனர். மணிமேகலைக் காப்பியத்தில் இளவரசன் உதயகுமாரன் மணிமேகலையின் உருவில் மயங்கிப் பின்தொடர்கின்றான். காயசண்டிகையின் வடிவங்கொண்டிருந்த அவள், அவ்வழியிலிருந்த நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டி, கூந்தல் முதலாகப் புலவர்கள் புகழ்ந்த உறுப்புகள் ஒவ்வொன்றும் முதுமையில் என்னவாயின என்று காட்டுகின்றாள். அவன் அப்பாடத்தைக் கற்றானில்லை. உருவத்தையே கண்டு பின்தொடர்ந்தவன், மாறிய உருவத்தால் நேர்ந்த மயக்கத்திலேயே காயசண்டிகையின் கணவன் காஞ்சனனின் வாளுக்கு இரையானான். சேக்கிழார் பாடிய காரைக்கால் அம்மையார் வரலாறோ இதனினும் ஆழ்ந்தது. தன்னைத் தெய்வமென்று அஞ்சிக் கணவன் பரமதத்தன் நீங்கிய பின், அவனுக்கெனத் தாங்கிய தசையழகை அவர் வேண்டாவென்று களைந்து பேயுருக் கொண்டார். அழகு பிறர் பொருட்டுச் சுமக்கும் சுமையாயிருத்தலும் உண்டு என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.

மூன்றாவது, அளப்பவனுக்கே வரும் கேடு. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை வாங்குவோர் தோலின் பளபளப்பை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. கையிலெடுத்து அமுக்கிப் பார்த்துச் சாற்றை மதிப்பிடுகின்றனர். ஒரு பழத்துக்குக் காட்டும் இவ்வெச்சரிக்கையை வாழ்நாள் முழுதும் உடன் வாழ வேண்டிய துணையைத் தெரிவதில் காட்டாதவர் ஏமாறுதல் உறுதி. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குப் பத்து வகை ஒப்புமைகளைக் கூறுகின்றார். உருவம் அவற்றுள் ஒன்று. அதனை அவர் விலக்கவில்லை. ஆனால் ஒன்றே. நிறையும் அருளும் உணர்வும் அதனோடு சமமாக எண்ணப்படுகின்றன. அடுத்து, காதலரிடம் இருக்கலாகாதவற்றைக் கூறுமிடத்தில் வன்சொல்லையும் கொடுமையையும் சேர்த்தார். நிறக்குறை அப்பட்டியலில் இல்லை. பத்தில் ஒன்றனைப் பத்தாக்கி ஏனையவற்றை மறந்ததே நம் காலத்தின் பிழை.

நிறமென்பது யாது என்று அறிவியல் கூறுவதையும் சிறிது அறிதல் நலம். நம் தோலின் மேற்புறத்தில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் அணுக்கள் உள்ளன. கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் அவ்வணுக்களின் தொகை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவிலும் வகையிலுமே வேற்றுமை. வெப்ப நாடுகளில் ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்கள் உடலைத் தாக்காதவாறு மெலனின் குடைபோல் காக்கின்றது. ஆகவே நம் கருமை ஒரு குறையன்று. வெயில் மிக்க நாட்டில் வாழ்ந்த எண்ணற்ற தலைமுறைகள் நமக்கு விட்டுச்சென்ற கவசம்.

அக்கவசத்தைக் களையச் செய்யும் முயற்சிகளோ தீங்கானவை. முகம் வெளுக்குமென்று எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. எலுமிச்சையிலுள்ள சில பொருள்கள் தோலிற் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், தோல் வெந்து கொப்புளித்துப் பல வாரங்கள் நீங்காத கருந்திட்டுகள் தோன்றும். வெளுப்பை நாடிப் பூசியது கருமையையே தருகின்றது! உணவுக்கும் ஊறுகாய்க்கும் விளைந்த கனியைத் தோலின் மேல் ஏவியதன் விளைவு இது. கடைகளில் விற்கும் சில களிம்புகளில் கலந்துள்ள பாதரசம் இதனினும் கொடியது. அது மெலனின் உண்டாவதைத் தடுத்து வெளுப்பைக் காட்டும். உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுற்று வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவருள் 15 பேர்க்கு அந்நோயின் ஓர் அரிய வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பைப் பூசியவர். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருள்களை 2020ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டுமென விதித்தது. ஆயினும் விரும்புவோர் உள்ளவரை விற்போரும் உளர்.

வாணிபம் இவ்விருப்பத்தைப் படைக்கவில்லை. ஆனால் நன்கு நீரூற்றி வளர்த்தது. 1975ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பை வெளியிட்டது. கறுத்த பெண் கவலையோடிருப்பதும், வெளுத்தபின் வேலையும் மணமும் வந்தெய்துவதும் அதன் விளம்பரங்களிற் பல ஆண்டுகள் காட்டப்பட்டன. 2009ஆம் ஆண்டில் சென்னையில் கவிதா இம்மானுவேலின் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்னும் அமைப்பு, கருமை அழகே என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. நடிகை நந்திதா தாஸ் 2013ஆம் ஆண்டில் அதற்குத் துணைநின்றார். 2014ஆம் ஆண்டில் இந்திய விளம்பரத் தரக் கழகம், கறுத்தவரைத் தாழ்ந்தவராகக் காட்டும் விளம்பரங்களை விலக்கும் நெறிகளை வகுத்தது. 2020ஆம் ஆண்டில் அக்களிம்பின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் பெயர்பெற்ற மணமாலை இணையத்தளம் ஒன்று, நிறத்தைக் கொண்டு வரன் தெரியும் வசதியை எடுத்துவிட்டது. இவை நல்ல மாறுதல்களே. ஆனால் களிம்பின் பெயரை மாற்றுதல் எளிது. கூடத்தில் கேட்கப்படும் வினாவை மாற்றுதல் அரிது. அது நம் கையில் உள்ளது.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில கூறி முடிப்போம். முதற்கண், நாவடக்கம். விடுதிகளிலும் வகுப்புகளிலும் தோழரின் நிறத்தையும் உயரத்தையும் பருமனையும் கொண்டு பட்டப்பெயர் இடுதல் விளையாட்டென எண்ணப்படுகின்றது. இட்டவன் மறப்பான், பெற்றவன் மறவான். நாடகத்திலும் கலைவிழாவிலும் கறுத்தவர்க்கு அரக்கர் வேடமும் வெளுத்தவர்க்கு அரசியார் வேடமும் ஒதுக்கும் வழக்கத்தையும் விட்டொழிப்போமாக.

அடுத்து, வீட்டில் நம் கடமை. கல்வி கற்றுத் திரும்பும் அண்ணனும் அக்காளும் தம் தங்கையரைப் பாராட்டும்போது, “கறுப்பாயிருந்தாலும் அழகு” என்னாமல், “அழகு” என்றே சொல்லுதல் வேண்டும். “ஆனாலும்” என்னும் ஒரு சொல்லை ஒழித்தால் பாதிப் பணி முடிந்தது. அவள் எழுதியதையும் பாடியதையும் ஓடி வென்றதையும் முகத்துக்கு முன்னே பாராட்டினால், தன் மதிப்புக்கு முகம் ஒன்றே முதலன்று என்பதை அவள் தானே உணர்வாள்.

மூன்றாவது, மணத்தைப் பற்றிய உறுதி. இன்று இக்கலாசாலையிற் பயிலும் இளைஞர் சில ஆண்டுகளில் மணமக்களாவர். அப்பொழுது பெண் நிறம் யாதென்று தம் பெற்றோர் கேட்கப் புகுந்தால், “அம்மா, அதைக் கேட்க வேண்டாம்” என்று பணிவோடு தடுக்கும் துணிவு வேண்டும். பரீட்சையில் பெறும் எண்கள் நம் படிப்பைக் காட்டும். இத்துணிவு நம் கல்வியைக் காட்டும். உறுப்புகள் ஒத்திருத்தல் மக்களோடு ஒத்திருத்தலாகாது, பண்பால் ஒத்தலே ஒப்பாகும் என்று வள்ளுவர் பண்புடைமையிற் கூறியதன் பொருளும் இதுவே.

கடைசியாக, தன்னைத்தான் இகழ்ந்து வாடும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் ஒரு சொல். உங்கள் மேனியின் வண்ணம் ஒரு காலத்துப் புலவர்கள் தேடித் தேடி உவமை கூறிய வண்ணம். உங்கள் முன்னோரை வெயிலிற் காத்த வண்ணம். அதனைக் குறையென்று கூறும் அளவுகோல் நேற்று வந்தது, நாளை மாறும். மாறும் கோலுக்கு மாறாத உயிரை ஒப்படைத்தல் அறிவன்று. அன்புக்குத் தகுதி தேடி அலைய வேண்டுவதில்லை; பிறர்க்கு அன்பு செய்யும் உள்ளமே அத்தகுதி. அவ்வுள்ளத்தோடு தலைநிமிர்ந்து நடப்பீராக.